வாங்கண்ணனின் கொல்லைக் கடை

வாங்கண்ணன் கூப்பிட்டு வராத ஆள் அந்தக் கடைத்தெருவில் கிடையாது. எதிரே பஸ்ஸுக்கு நிற்பவன், பல்வலியோடு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போகிறவள், வேறு கடையில் வாங்கிய பையோடு வீடு திரும்புகிற குடும்பம், எல்லோரையும் "வாங்க வாங்க, சும்மா பார்த்துட்டுப் போங்க" என்று உள்ளே இழுத்துவிடுவார். சும்மா பார்க்க வந்தவர்கள் கம்பளியும் கையுமாகத்தான் வெளியே போவார்கள். ஒரு முறை வழி கேட்க வந்த தபால்காரர் குல்லாயும் கையுறையும் வாங்கிக்கொண்டு, வழியைக் கேட்காமலே போய்விட்டார் என்று தெருவில் இன்றும் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் என்ன என்பது அவர் மனைவிக்கும் வங்கிக்கும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் வாங்கண்ணன்.

அப்பேர்ப்பட்டவர் இப்போது வீட்டுப் பின்னறையில், ஜன்னலோரமாக, கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உச்சித்தட்டில் இருக்கும் பச்சைக் கம்பளிதான் வேண்டும் என்று ஓர் அம்மாள் பிடிவாதம் பிடிக்க, ஏணியில் ஏறினவர் கம்பளியோடு கீழே வந்து சேர்ந்தார். ஏணி மட்டும் மேலே சாய்ந்தபடி நின்றது. அவர் தரையில் கிடக்க, அந்த அம்மாள் குனிந்து பார்த்து, "இல்லீங்க, கீழ்த்தட்டுல இருக்கிற நீலமே போதும்" என்றாள். "நீலத்துல பார்டர் வச்சதும் இருக்கு, அதையும் பாருங்க" என்று படுத்த வாக்கிலேயே சொன்னார் வாங்கண்ணன். அவள் இரண்டையும் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது.

எலும்பு ஒட்டிக்கொண்டு வந்தது. அவருக்கு ஒட்டாதது வீடுதான். வெண்பனி கொட்டும் அந்த ஊரில் குளிர்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. கம்பளிக் கடைக்காரனுக்கு மற்ற மாதங்களெல்லாம் ஒத்திகை; குளிர்காலம்தான் நாடகம். திரை தூக்கும் நேரத்தில் கதாநாயகனைக் கொல்லைப்புறத்தில் உட்கார வைத்தால் எப்படி இருக்கும்?

கொல்லையில் பார்ப்பதற்கும் ஒன்றும் இல்லை. பழுப்பேறிய புல், துணி காயப்போடும் கொடி, நடுவில் ஒரு முள்புதர், அதற்கப்பால் இடுப்பளவு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் பல் டாக்டரம்மாவின் தோட்டம். அங்கேதான் கூட்டம். மரக்கிளைகளில் தொங்கும் தட்டுகளிலும் கிண்ணங்களிலும் விடிந்ததிலிருந்து பறவைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு தின்னும். கோடை முழுதும் மின்கம்பியில் வரிசை கட்டி உட்கார்ந்திருந்த வால் பிளந்த குருவிகள் ஒரு நாள் கடையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டன. அந்த இடத்துக்கு எங்கிருந்தோ புது முகங்கள் வந்து இறங்கின. எல்லாம் அந்தப் பக்கம்தான் இறங்கின. இந்தப் பக்கம் ஓர் ஈ இல்லை.

"அவங்க கடையில என்ன அப்படி விசேஷம்?" என்று பொருமுவார் வாங்கண்ணன்.

அதே அறையில் தையல் மெஷினில் கம்பளிகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருக்கும் அவர் மனைவி தலையைத் தூக்காமல், "அது கடை இல்ல, தோட்டம்" என்பாள். அவள் அளவு வைத்துத்தான் துணி வெட்டுவாள், பேச்சையும் அப்படித்தான்.

விவகாரத்தைத் தொடங்கி வைத்தவன் மைத்துனன். கடையில் அவனுக்குப் பாதிப் பங்கு. இப்போது முழுக் கடையும் அவன் கையில். கடையைப் பூட்டிவிட்டு இருட்டும் நேரத்துக்கு அக்கா வீட்டில் தேநீர் குடிக்க வருவான். அன்றும் வந்தான்.

"கடை எப்படி மச்சான்?" என்று வாங்கண்ணன் கேட்டார்.

"நீங்க கவலையே படாதீங்க அத்தான். நீங்க இல்லாமலே அருமையா ஓடுது."

ஆறுதலாகத்தான் சொன்னான். கத்தியால் குத்துகிறவனும் இதைவிடக் கொஞ்சம் யோசித்துத்தான் குத்துவான்.

"கடை வாசல்ல நான் உட்கார்ந்து கூப்பிடுற ஸ்டூல்ல இப்ப யாரு உட்கார்றா?"

மைத்துனன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "அதான் சொல்ல வந்தேன். அந்த ஸ்டூலை எடுத்துடலாம்னு இருக்கேன். அந்த இடத்துல ஒரு பொம்மை. ஆளுயரம். ஸ்வெட்டர், மப்ளர் எல்லாம் மாட்டி நிறுத்தினா அதுவே பேசும்."

"பொம்மை பேசுமா?"

"பேசாதுங்கிறதுதான் அத்தான் அதுல நல்லதே. இந்தக் காலத்துல ஜனங்களுக்குக் கூப்பிட்டாப் பிடிக்கிறதில்ல. நீங்க சம்பாதிச்சது போதும். வீட்டுல நிம்மதியா இருங்க. மாசாமாசம் உங்க பங்கு வாசல் தேடி வரும்."

வாங்கண்ணன் முகம் சிவந்தது. பங்கு வரும், வாசல் போகும். அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் அவர் தன்னை ஓர் ஆளாக உணர்ந்திருந்தார். அந்த இடத்தில் வாயில்லாத ஒரு பிளாஸ்டிக்!

"என் வாய்க்கு இந்த ஊர்ல எவன்டா வராம இருந்தான்?"

மைத்துனன் சிரித்தபடி ஜன்னலைக் காட்டினான். "மனுஷன விடுங்க. அந்த டாக்டரம்மா வீட்டுக்கு வர்ற கூட்டத்துல ஒரு குருவிய உங்க கொல்லைக்குக் கூப்பிட்டுக் காட்டுங்க, பார்ப்போம்."

"ஒண்ணு என்ன, கூட்டத்தையே கூப்பிடுறேன்."

"கூப்பிட்டுட்டா ஸ்டூல் உங்களுக்கு. பொம்மை கிடையாது."

"எப்போ வரைக்கும்?"

"முதல் வெண்பனி விழுற வரைக்கும். அன்னிலேர்ந்துதான கூட்டம் அள்ளும், அன்னிக்கு வாசல்ல ஆளோ பொம்மையோ இருந்தாகணும். ஆனா நான் என் கண்ணால பார்க்கணும். நீங்க சொல்லிக் கேட்டா செல்லாது."

"உன் அக்கா சாட்சி" என்றார் வாங்கண்ணன்.

தையல் மெஷின் ஒரு நொடி நின்றது. "சாட்சி" என்றாள் அவள். மெஷின் மறுபடி ஓடியது.

மறுநாள் காலையே வாங்கண்ணன் வேலையில் இறங்கினார். அவருக்குக் கடை போடச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் விதி, கடை தூரத்திலிருந்தே தெரியவேண்டும். தோட்டக்காரரை வரவழைத்து, நடுவில் மறைத்துக்கொண்டிருந்த முள்புதரை அடியோடு வெட்டி மதிலோரம் தள்ளச் செய்தார். இரண்டாவது விதி, சரக்கு கண்ணைப் பறிக்கவேண்டும். கடையில் ஓரங்கட்டிக் கிடந்த படிப்படியான காட்சி மேடை வந்து புல் நடுவே நின்றது. அதன் மேல் சூரியகாந்தி விதை ஒரு தட்டு, உடைத்த நிலக்கடலை ஒரு தட்டு, நறுக்கிய ஆப்பிள் ஒரு தட்டு. நிறம் பார்த்து அடுக்கப்பட்டன. மூன்றாவது விதிதான் அவருடைய குலரகசியம். சரக்குக்குப் பின்னால் கண்ணாடி. கண்ணாடி வைத்தால் பத்துச் சால்வை இருபதாகத் தெரியும். உள்ளே வருகிறவர் தன்னையும் பார்த்துக்கொள்வார், தன்னைப் பார்த்தவர் சும்மா போகமாட்டார். மைத்துனன் கடை திறக்குமுன் மேடையோடு தூக்கி வரச்செய்த, ஸ்வெட்டர் போட்டுப் பார்க்கும் ஆளுயரக் கண்ணாடி மேடைக்குப் பின்னால் சாய்க்கப்பட்டது.

"குருவிக்கு எதுக்குங்க கண்ணாடி?" என்றாள் மனைவி.

"உனக்கு வியாபாரம் புரியாது."

"சரி."

எல்லாம் தயாரானதும் ஜன்னலைத் திறந்தார். குளிர்காற்று உள்ளே பாய்ந்தது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "வாங்க வாங்க வாங்க! சும்மா பார்த்துட்டுப் போங்க!" என்று ஒரு குரல் கொடுத்தார்.

டாக்டரம்மாவின் தோட்டத்தில் தின்றுகொண்டிருந்த அத்தனையும் ஒரே வீச்சில் எழும்பிப் போயின. தோட்டம் கழுவிவிட்ட மாதிரி ஆனது. மதிலுக்கு மேல் டாக்டரம்மாவின் தலை எழுந்தது.

"அண்ணே, என் கிளினிக் வாசல்ல நின்னு நான் இப்படிக் கூப்பிட்டா, வந்த நோயாளியும் பல்லைப் பிடிச்சுக்கிட்டே ஓடிப்போயிடுவான்."

"உங்க சரக்கு அப்படி டாக்டரம்மா. என் சரக்கு தீனி."

"சீக்கிரம் பழக்குங்க. பனிக்கு முன்னாடி எந்த வீட்டுல சோறு நிச்சயம்னு அதுங்களுக்குள்ள ஒரு கணக்கு வச்சுக்கும். அப்புறம் அந்த வீட்டை விட்டு அசையாது. நான் பார்த்த வரைக்கும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுத் தலை இறங்கியது.

அதாவது சீக்கிரம் வாடிக்கை பிடிக்காவிட்டால் கதை முடிந்தது. வாங்கண்ணனுக்கு நன்றாகவே புரிந்தது.

ஒரே ஓர் ஆசாமி வந்தான். ஆரஞ்சு நிற நெஞ்சும் குச்சிக் கால்களுமாக ஒரு பொடிப் பறவை. மேடையில் வந்து இறங்கியதும் வாங்கண்ணனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "போணி! போணி!" என்று மனைவியின் கையைப் பிடித்து உலுக்கினார். அவன் விதையைப் பார்க்கவில்லை. கடலையைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தான். அதற்குள்ளிருந்து ஆரஞ்சு நெஞ்சுக்காரன் ஒருவன் இவனை முறைத்தான். அவ்வளவுதான். நெஞ்சை நிமிர்த்தி, இறக்கையை விரித்து, கண்ணாடிமேல் பாய்ந்தான். முட்டினான், கொத்தினான், கீழே விழுந்து எழுந்து மறுபடி பாய்ந்தான். வாங்கண்ணன் அவனுக்கு வஸ்தாது என்று பெயர் வைத்தார்.

வஸ்தாது அன்று முழுதும் சண்டை போட்டான். மறுநாளும் போட்டான். எட்டிப் பார்க்க வந்த ஒன்றிரண்டு சிறுசுகளையும் எதிரியின் ஆட்கள் என்று நினைத்து விரட்டி அடித்தான். ஒரு விதை விற்கவில்லை. வாசலிலேயே அடிதடி நடக்கும் கடைக்குள் எவன் வருவான்?

மைத்துனன் சாயங்காலங்களில் வந்து, இருண்ட கொல்லையை ஜன்னல் வழியே பார்ப்பான்.

"கூட்டம் தாங்கல போலிருக்கே அத்தான். டோக்கன் கொடுக்கிறீங்களா?"

"பகல்ல வந்து பாரு."

"பகல்ல எனக்குக் கடை இருக்கே. அது சரி, ஸ்வெட்டர் பார்க்கிற கண்ணாடி எங்க? கேட்டு ரெண்டு பேர் திரும்பிப் போயிட்டாங்க."

அன்றிரவு மனைவி அவர் காலடித் தலையணையைச் சரிசெய்தபோது வாங்கண்ணன் மெதுவாகக் கேட்டார். "நெஜமாவே என் காலம் முடிஞ்சுபோச்சா?"

அவள் தலையணையைத் தட்டி வைத்தாள். "கால்தான் உடைஞ்சிருக்கு. கண்ணு நல்லாத்தான இருக்கு? கூப்பிட்டுக்கிட்டே இருக்கீங்களே, என்னிக்காவது உட்கார்ந்து பார்த்தீங்களா?"

அதிகம் பேசாதவள் பேசினால் அது உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். மறுநாள் வாங்கண்ணன் தன் கடையைப் பார்ப்பதை விட்டுவிட்டு எதிர்க்கடையைப் பார்த்தார். போட்டிக் கடையின் எதிரே நின்று நோட்டம் விடுவது அவர் சின்ன வயதில் அப்பாவிடம் கற்ற முதல் வேலை. ஆனால் இதுவரை டாக்டரம்மாவின் தோட்டத்தை வயிற்றெரிச்சலோடுதான் பார்த்திருந்தார். வயிற்றெரிச்சல் நடுவில் நின்றால் எதிரே இருப்பது தெரியாது.

கறுப்புத் தொப்பி போட்ட மாதிரி தலையுடைய ஒரு சிட்டு தட்டுக்கு வந்தது. ஒரே ஒரு விதையை எடுத்தது. அங்கே தின்னவில்லை. பக்கத்து வேலிச்செடிக்குள் பறந்து போய், இலை மறைவில் உட்கார்ந்து, விதையைக் காலிடுக்கில் பிடித்து உடைத்துத் தின்றது. மறுபடி வந்தது, மறுபடி எடுத்துக்கொண்டு வேலிக்குள் போனது. 'சரிதான், இது பார்சல் வாங்கிட்டுப் போற பார்ட்டி' என்று நினைத்தார். சாம்பல் புறாக்கள் மேலே வரவே இல்லை. சிந்தியதைத் தரையில் பொறுக்கின. அவை தள்ளுபடிக்குக் காத்திருப்பவர்கள். ஒன்று கிளையில் உட்கார்ந்து இப்படியும் அப்படியும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு எடுக்காமலே போனது. அதை அவருக்கு நன்றாகத் தெரியும். எல்லாக் கடைக்கும் விலை மட்டும் கேட்டுப் போகிறவர் ஒருவர் உண்டு. கறுப்பும் வெள்ளையுமாக நீளவால் பறவை ஒன்று அதிகார நடையோடு வந்தபோது எல்லாச் சிறுசுகளும் ஒரே பாய்ச்சலில் வேலிக்குள் மறைந்தன. அது போனதும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சோதனைக்கு வந்த அதிகாரி போனதும் கடைத்தெரு மறுபடி திறக்கிற அதே அழகு.

வேலிக்குள். எல்லாம் வேலிக்குள்ளிருந்துதான் வந்தன, வேலிக்குள்தான் போயின.

வாங்கண்ணன் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டார். அடித்தது கட்டுப்போட்ட காலின் தொடை. "ஐயோ!" என்ற சத்தத்துக்கு மனைவி ஓடி வந்தாள்.

"வலிக்குதா?"

"வலிய விடு! வாசல்டி, வாசல்! துணி வாங்க வர்றவ என்ன செய்வா? விளக்கு வெளிச்சத்துல பார்த்து வாங்குவாளா? எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போய் வெயில்ல விரிச்சுப் பார்ப்பா. போக விடணும். போக விடாத கடையில எவளும் வாங்கமாட்டா. வெளிய போக வழி தெரிஞ்சாத்தான் மனுஷன் உள்ளயே வருவான். இதுங்களுக்கு அந்தப் புதர்தான்டி வாசல். நான் கடையத் திறந்து வச்சுட்டு வாசலை வெட்டிப் போட்டுட்டேன்!"

மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மொட்டைப் புல்வெளி, நடுவில் மேடை, பின்னால் கண்ணாடி, கண்ணாடியில் முட்டிக்கொண்டிருக்கும் வஸ்தாது.

"கண்ணாடிய என்ன செய்ய?" என்றாள். அவள் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க எவ்வளவு பாடுபட்டாள் என்பது உதட்டில் தெரிந்தது.

"எடுத்துடு. அதுவும் தப்புதான். நீ அன்னிக்கே சொன்ன. சொல்லிக் காட்டாத."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"அதான் சொல்லிக் காட்டுறது."

அன்று பகலே கொல்லை தலைகீழாக மாறியது. மதிலோரம் கிடந்த முள்கிளைகளைத் தோட்டக்காரரே வந்து, தலையைச் சொறிந்துகொண்டே, மேடைக்குப் பக்கத்தில் குவியலாகக் கட்டி நிறுத்தினார். "வெட்டச் சொன்னதும் நீங்கதான், நிறுத்தச் சொல்றதும் நீங்கதான். நாளைக்குப் பூக்கச் சொல்வீங்களா?" என்று கேட்டார். மேடையின் படிகள் போய் ஒரே ஒரு தட்டு நின்றது. கண்ணாடி உள்ளே வந்தது. கண்ணாடி போனதும் வஸ்தாது சுற்றுமுற்றும் பார்த்தான். எதிரி ஓடிவிட்டான் என்று முடிவு செய்து, குவியலின் உச்சியில் ஏறி நின்று, வெற்றி பெற்றவனாக ஒரு பாட்டுப் பாடினான். பிறகு முதன்முறையாகக் கீழே இறங்கி ஒரு துணுக்குக் கடலையைத் தின்றான்.

இனிமேல்தான் கஷ்டமான வேலை. வாங்கண்ணன் வாயை மூடவேண்டும். வாயை மட்டும் மூடினால் போதாது, கண்ணையும் திருப்பவேண்டும் என்பது அவருக்கே தெரிந்தது. பேரம் படியாமல் எழுந்து போகிற ஆளைக் கடைக்காரன் கூப்பிடக்கூடாது. விரித்த துணியை மடித்து வைத்துக்கொண்டு, இந்த வியாபாரத்தில் தனக்கு அக்கறையே இல்லை என்பதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொள்ளவேண்டும். படியிறங்கின கால் தானாகத் திரும்பி வரும். முறைத்துக்கொண்டே நின்றால் வராது. எத்தனையோ பேரை இப்படித் திருப்பியவர், குருவிகளை மட்டும் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு முறைத்திருக்கிறார்.

நாற்காலியைத் திருப்பி, கொல்லைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஸ்வெட்டர்க் கண்ணாடியை எதிர்ச்சுவரில் சாய்த்து வைத்தாள் மனைவி. அதற்குள் கொல்லை முழுதும் தெரிந்தது. வாய்க்குக் காவலாக ஒரு துண்டை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டார்.

முதலில் பார்சல் பார்ட்டி வந்தது. கண்ணாடிக்குள் ஒரு கறுப்புத் தொப்பி மதிலில் உட்கார்ந்தது, குவியலுக்குத் தாவியது, தட்டைப் பார்த்தது. வாங்கண்ணனின் உள்ளே 'வாங்க வாங்க' என்று ஆயிரம் குரல் எழும்பியது. துண்டை இன்னும் இறுக்கிக் கடித்தார். பார்சல் ஒரு விதையை எடுத்தது. குவியலுக்குள் போனது. தின்றது. திரும்பி வந்தது. இந்த முறை தனியாக வரவில்லை, துணைக்கு ஒன்றையும் கூட்டிக்கொண்டு வந்தது.

"அழறீங்களா?" என்றாள் மனைவி.

துண்டு வாயிலிருந்ததால் அவர் இல்லையென்று தலையாட்டினார். கண்ணீர் அங்குமிங்கும் தெறித்தது.

அதற்குப் பிறகு நாளுக்கு நாள் கொல்லை களைகட்டியது. புறாக்கள் வந்தன. நீலமும் மஞ்சளுமாகச் சின்னஞ்சிறு கூட்டம் ஒன்று வந்தது. நீளவால் அதிகாரியும் வந்து பார்த்துவிட்டுப் போனார்; அவர் வந்தால்தான் கடைக்கே மதிப்பு. தூர தேசத்திலிருந்து குளிருக்குப் பயந்து வந்து இறங்கியவை ஆப்பிளை மொத்தமாக எடுத்துக்கொண்டன. இலைகள் உதிர உதிர, கொல்லையில் இறக்கைகள் கூடிக்கொண்டே போயின. மதிலுக்கு மேல் டாக்டரம்மாவின் தலை எழுந்து, "என் நோயாளிங்க எல்லாம் அங்க வந்துட்டாங்களே அண்ணே" என்று கிசுகிசுத்தது. வாங்கண்ணன் திரும்பாமலே கையை மட்டும் உயர்த்தி வணக்கம் வைத்தார்.

ஆனால் பார்க்கவேண்டியவன் பார்க்கவில்லையே! அவன் வருவது இருட்டிய பிறகு. பறவைகள் அதற்குள் கடையை முடித்துக்கொண்டு தூங்கப் போய்விடும். ஒரே ஒரு மத்தியானம் வந்தான். காரிலிருந்து இறங்கும்போதே போனில் கத்திக்கொண்டு, கொல்லைப் பக்கமாகவே நடந்து வந்தான். கொல்லை காலி.

"எங்கே அத்தான்? சாப்பாட்டு நேரமோ?"

"நீ வர்ற வரைக்கும் இருந்துச்சுடா!"

"கடையிலயும் இப்படித்தான் சொல்வீங்க. நான் வர்ற வரைக்கும் கூட்டம் இருந்துச்சுன்னு." அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். போகும்போது பொம்மை வந்து சேர்ந்துவிட்டதாகவும் சொல்லிவிட்டுப் போனான்.

சில நாட்களில் வானம் இறங்கி வந்தது. கம்பளிக்காரனுக்கு அந்த வானம் நன்றாகத் தெரியும். அழுக்குப் பஞ்சு மாதிரி, கையை நீட்டினால் தொடலாம் போல, காற்றே இல்லாமல் ஒரு காலை. வாங்கண்ணன் ஜன்னல் வழியே அதை அண்ணாந்து பார்த்தார். "இன்னிக்கு விழுந்துடும். அவன் பார்க்கல. நான் தோத்தேன்."

மனைவி மெஷினிலிருந்து எழுந்தாள். போனை எடுத்தாள். "டேய் தம்பி. கடை திறக்கிறதுக்கு முன்னாடி இங்க வா. இப்பவே." போனை வைத்துவிட்டாள்.

அக்கா இப்படிப் பேசினால் தம்பிகள் காரணம் கேட்பதில்லை. வந்தான். கார் முன்சீட்டில் ஆளுயரப் பொம்மை, சிவப்பு ஸ்வெட்டரும் மப்ளருமாக, பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. பனிக்கு வாசலில் நிறுத்தத் தயாராகக் கிளம்பியிருந்தான்.

"அக்கா, லேட்டாகுது, பனி வரப்போகுது..."

"உட்காரு. செருப்பைக் கழட்டு. போனை அணை. வாயத் திறக்காத." அவனை வாங்கண்ணன் பக்கத்தில், கொல்லைக்கு முதுகாக உட்கார வைத்தாள்.

"ஏன் அக்கா சுவத்தைப் பார்த்து..."

"பொம்மை மாதிரி உட்காரு மச்சான்" என்றார் வாங்கண்ணன். "உனக்குத்தான் அது பிடிக்குமே."

கண்ணாடிக்குள் கொல்லை காலியாக இருந்தது. அவன் கார்ச் சத்தத்துக்கு எல்லாம் போயிருந்தன. தட்டு அநாதையாக நின்றது. நேரம் போனது. மைத்துனன் நெளிந்தான், இருமலை அடக்கினான். ஓரக்கண்ணால் அத்தானைப் பார்த்தவன் திகைத்துப்போனான். அவனுக்குத் தெரிந்த வாங்கண்ணன் ஒரு வாடிக்கையாளர் படியேறும் நேரத்துக்குள் மூன்று கதை சொல்பவர். இவர் கையைக் கட்டிக்கொண்டு, மடித்த துணி மாதிரி உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஓர் அவசரம் இல்லை.

குவியலின் உச்சியில் வஸ்தாது வந்து நின்றான். அதன் பிறகு பார்சல், பார்சலின் குடும்பம், குடும்பத்தின் உறவு. வானத்தைப் படிக்கத் தெரிந்தவர் வாங்கண்ணன் மட்டும் இல்லை போலும். பனி வருமுன் சரக்குப் பிடிக்க ஊரே திரண்டது. டாக்டரம்மாவின் பக்கமிருந்து மதிலைத் தாண்டி நீலமும் மஞ்சளும் அலையாக வந்தன. புறாக்கள் தரையை மூடின. குவியலுக்குள் கிளைக்குக் கிளை இறக்கை. ஆப்பிள் துண்டுக்கு மூன்று அலகு போட்டியிட்டன. அப்போது எங்கிருந்தோ ஒரு கருங்கூட்டம், உடம்பெல்லாம் வெள்ளிப் புள்ளி மின்ன, ஒரே வீச்சில் கொல்லை முழுதும் இறங்கியது. துணிக்கொடி அவற்றின் பாரத்தில் தொய்ந்தது. கண்ணாடியில் புல் தெரியவில்லை. கீச்சும் கூச்சலுமாகச் சத்தம் ஜன்னலை அதிர வைத்தது. பண்டிகைக்கு முந்தின நாள் கடைத்தெருவில் அவர் கேட்ட அதே சத்தம்.

மைத்துனன் வாயைப் பிளந்துகொண்டிருந்தான். தன்னை மறந்து மெல்லத் திரும்பி நேராகவே பார்த்தான். எதுவும் பறக்கவில்லை. இவ்வளவு வியாபார மும்முரத்தில் அவனை யார் கவனிப்பார்கள்?

"அத்தான்..." என்று முணுமுணுத்தான். அடுத்த நொடி அவன் ரத்தத்தில் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டான். "ஆனா இது சரியில்ல. பனி வருதுன்னு வந்திருக்கு. நீங்க கூப்பிட்டு வரல."

வாங்கண்ணன் குரலை உயர்த்தாமலே சொன்னார்: "மழைக்கு ஒதுங்கினவன் குடை வாங்கிட்டுப் போறான். அவன்கிட்ட, 'நீங்க மழைக்கு வந்தீங்களா, எனக்காக வந்தீங்களா'ன்னு கேட்டுட்டுத்தான் பணம் வாங்குவியா? படியேறி வந்தவன் நம்ம கஸ்டமர்டா. அதுவும் போகட்டும். மதிலுக்கு அந்தப் பக்கமும் தீனி இருக்கு. ஏன் இங்க வந்துச்சு?"

மைத்துனன் மதிலுக்கு அப்பால் பார்த்தான். டாக்டரம்மாவின் தட்டுகளில் ஓரிரண்டு மட்டும் கொறித்துக்கொண்டிருந்தன. டாக்டரம்மாவே கையில் விதை டப்பாவோடு, இந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கூப்பிடக்கூடாதுன்னு நீ சொன்னது சரிதான் மச்சான்" என்றார் வாங்கண்ணன் தாராளமாக. ஜெயித்தவனுக்குத்தானே தள்ளுபடி கொடுக்க முடியும். "எல்லாரையும் கூப்பிடக்கூடாது. ஆனா யாரைக் கூப்பிடணும், யாரைப் பார்க்காத மாதிரி விடணும்னு தெரிய வாசல்ல ஒரு கண்ணு வேணும். உன் பொம்மைக்குக் கண்ணு வரைஞ்சுதான் இருக்கு."

மைத்துனன் இன்னும் ஏதோ பேரம் பேச வாயெடுத்தான். "பாதி நாள் ஸ்டூல், பாதி நாள் பொம்மை..."

அதுவரை சுவரோரம் நின்றிருந்த சாட்சி முன்னால் வந்தாள். ஜன்னல் கண்ணாடியில் ஒரு வெள்ளைத் துளி வந்து ஒட்டி, உருகி, வழிந்தது. அடுத்து இன்னொன்று.

"தம்பி" என்றாள். "கார்ல இருந்து பொம்மைய இறக்கு. அத்தானை ஏத்து."

அதற்கு மேல்முறையீடு கிடையாது. பொம்மை வாசற்படியில் இறங்கியது. வாங்கண்ணன் தடியை ஊன்றி எழுந்து, மனைவி தோளில் ஒரு கை, மைத்துனன் தோளில் ஒரு கை போட்டு, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி மெல்ல மெல்ல நடந்து, முன்சீட்டில் அமர்ந்தார். மனைவி அவர் கழுத்தில் மப்ளரைச் சுற்றிவிட்டாள். அது பொம்மையின் கழுத்திலிருந்து கழற்றியது.

"இதுங்களுக்குத் தீனி?" என்றார் கவலையாக.

"நான் வைக்கிறேன். நான் பேசமாட்டேன், அதுங்களுக்கு என்னைப் பிடிக்கும்."

வெண்பனி இப்போது சீராக விழத் தொடங்கியிருந்தது. தெருவில் ஜனங்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கைகளைத் தேய்த்துக்கொண்டு வேகமாக நடந்தார்கள். வாங்கண்ணன் அவர்களைக் கண்ணால் அளந்தார்: அதோ குல்லாய் இல்லாத ஒருவர், அதோ மெல்லிய கோட்டு, அதோ குழந்தைக்குக் கையுறை மறந்த அம்மா. அடிவயிற்றிலிருந்து குரல் கிளம்பித் தொண்டையில் வந்து முட்டியது.

"கூப்பிடுங்களேன் அத்தான்" என்றான் மைத்துனன், வண்டியைக் கிளப்பியபடி. "எவ்வளவு நாளாச்சு உங்க குரல் கேட்டு."

"உஷ்! கொல்லையில ஆளுங்க சாப்பிடுறாங்க."

கார் அவர்கள் வீட்டைத் தாண்டியது. டாக்டரம்மாவின் வீட்டைத் தாண்டியது. தெருமுனையில் திரும்பியது. வீடு கண்ணிலிருந்து மறைந்தது என்பதைப் பின்னால் திரும்பி உறுதிசெய்துகொண்டு, வாங்கண்ணன் கார் ஜன்னலை முழுதும் இறக்கினார். பனி முகத்தில் அடித்தது. அத்தனை வாரங்களாகத் துண்டைக் கடித்து அடக்கிவைத்த அத்தனை 'வாங்க'வும் ஒன்றாகப் புறப்பட்டு அந்தத் தெருவை நிறைத்தது. நடந்துபோனவர்களெல்லாம் திடுக்கிட்டு நின்று திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப்பேர் காரின் பின்னாலேயே கடைத்தெருப் பக்கம் திரும்பி நடந்தார்கள்.